உயிரோடு போய்ச் சேர வேண்டிய ரத்தம்

என் தங்கை மயிலம்மாளின் இடது விலாவுக்குக் கீழே இரண்டு வருஷமாக வளர்ந்துகொண்டிருந்ததற்கு ரப்பர் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் அர்ச்சுனன் ஒரு பெயர் வைத்திருந்தார். காய்ச்சக்கட்டி. மலேரியா வந்து போனவர்களுக்கு மண்ணீரல் வீங்குமாம், அதுதானாம். மலேரியா அவளுக்கு எப்போது வந்தது என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. வாரம் ஒரு தரம், காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு டிஸ்பென்சரி வாசலில் போய் நிற்பாள். அவர் வெள்ளை மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அதை விழுங்கிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் பால் வெட்டப் போய்விடுவாள்.

லயத்து வீடுகளில் இருந்த பெண்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாதவள் அவள். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் ஆளுக்கொரு மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்களாம். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அவளும் தின்றாளாம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் பஞ்சாலை. பெடாஸுக்குப் பக்கத்தில் இருக்கிற அதே தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வருஷம் பால் வெட்டி, பிறகு செனவாங்கில் ஃபேக்டரி வேலை கிடைத்து ரஹாங்கில் குடியேறியவள். எங்கள் அம்மா அப்பாவுக்கு நாங்கள் இரண்டே பேர். எனக்குக் கோபம் அதிகம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கோபப்படாமல் இருந்து அவர்கள் என்னத்தைச் சாதித்தார்கள் என்று தெரியவில்லை.

1991 தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனபோதுதான் அவளைப் பார்த்தேன். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. தொட்டேன், கல் மாதிரி இருந்தது.

"ஏன்டி, எவ்ளோ நாளா இது?"

"டிரசர் மருந்து குடுக்குறாருலாக்கா. கரைஞ்சிரும்னு சொன்னாரு."

அதிரசத்தை அப்படியே வைத்துவிட்டு மறுநாள் டாக்சி பிடித்துச் சிரம்பானுக்குக் கூட்டிப்போனேன். அவள் புருஷன் வீரமுத்து முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் கைகளைப் பிசைந்துகொண்டே வந்தார். பெரியாஸ்பத்திரியில் விரலில் ஒரு குத்து, கையில் ஒரு ஊசி, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் வெள்ளை அணு பத்தாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று லட்சம் இருந்தது. இரண்டு வருஷமாக ஒரு ஆளும் பார்க்காத ஒன்றை அவர்கள் ஒரே நாளில் பார்த்தார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் நான் டிஸ்பென்சரி வாசலில் நின்றேன். வரிசையில் இருபது பேர். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

"ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடில தடவிப் பாத்தியாய்யா நீ? ரெண்டு வருஷத்துல ஒரு தடவ?"

"இந்தாம்மா, நான் டாக்டர் இல்ல" என்றார் டிரசர்.

"இப்ப டாக்டர் இல்லயா? கட்டின்னு பேர் வெச்சப்ப டாக்டரா இருந்தியா? தெரியலன்னா தெரியலன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பறதுக்கு உனக்குக் கை வலிக்குதா?"

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு நாளைக்கும் அந்த ஆளிடம்தான் மருந்து வாங்க வேண்டும். டிரசர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசலில் இருந்த அவர் செருப்பைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தேன்.

சிரம்பான் டாக்டர் ஒரு மலாய்ப் பெண். பொறுமையாகப் பேசினாள். இது ரத்தப் புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் எந்த வகை என்று உறுதி செய்ய வேண்டும் என்றாள். அவள் சந்தேகப்பட்ட வகையென்றால் கொஞ்ச காலத்துக்குச் சாதுவாக இருக்கும், மாத்திரைக்கு அடங்கும். பிறகு ஒரு நாள் மூர்க்கமாகத் திரும்பிக்கொள்ளும். அது திரும்பும் முன்னால், கூடப் பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால், அதை எடுத்து இவளுக்கு வைக்கலாம். ஆனால் நோயின் பெயர் உறுதியாகாமல் அவ்வளவு பெரிய வைத்தியத்தை யாரும் தொடமாட்டார்கள். மயிலம்மாளின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சிக் கோலாலம்பூரில் ஒரு லேபுக்கு அனுப்ப வேண்டும். அணுவுக்குள்ளே இருக்கிற குரோமோசோமைப் பார்த்துச் சொல்ல அங்கேதான் ஆள் இருந்தது.

"பொருந்தினா என்னோடத எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கலாம். ஆனா நேரம் முக்கியம்" என்றாள்.

அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன், அவள் பிழைப்பாள் என்று. ஏனென்றால் நான் இருக்கிறேன்.

டிசம்பரில் மஜ்ஜை எடுக்கிற நாள் குறித்தார்கள். அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. வருஷக் கடைசி, ஏற்றுமதி, எல்லோரும் வந்தாக வேண்டும் என்று லைன் லீடர் சொல்லிவிட்டாள். வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. என்னையே நான் திட்டிக்கொள்கிற இடம் இது, மற்றவர்களைத் திட்டுவதற்கு நான் குறை வைத்ததில்லை.

மஜ்ஜை அடைத்த குழாயைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனது வீரமுத்து. காலை ஒன்பதரைக்கு மஜ்ஜை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி மறுநாள்தான் போகும், அவ்வளவு நேரம் தாங்காது என்பதால் அவர் கையிலேயே கொடுத்தார்கள். நர்ஸ் மலாயில் சொன்னதை அவர் எனக்கு அப்படியே ஒப்பித்தார். வெயில் படக் கூடாது. ஐஸில் வைக்கக் கூடாது. உறையக் கூடாது. மதியத்துக்குள் சேர வேண்டும். பன்னிரண்டு மணிக்கெல்லாம் லேப் ஜன்னலில் கொடுத்துவிட்டார். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "முடிஞ்சிருச்சுக்கா, நல்லபடியா குடுத்துட்டேன்" என்றார். நான் அவருக்குச் சோறு போட்டேன்.

பதில் வரவில்லை. மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ஐந்து வாரம் ஆயிற்று. சிரம்பானுக்குப் போய்க் கேட்டால், அந்த டாக்டர் ஆச்சரியப்பட்டாள். முதல் குழாய் சரியில்லை, மறுபடி எடுக்க வேண்டும், உடனே வரவும் என்று டிசம்பரிலேயே தோட்டத்து முகவரிக்குக் கடிதம் போட்டோமே என்றாள். தோட்டத்துக்கு வருகிற தபால் எல்லாம் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியின் மேசையில்தான் வந்து விழும். அவர் எப்போது மனது வைக்கிறாரோ அப்போது பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். என் தங்கையின் கடிதம் அவருடைய வருஷக் கடைசிக் கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு மாசம் கிடந்திருக்கிறது. அவரை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆனால் குழாயைக் கெடுத்தது யார்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். மறுநாள் காலை பஸ் ஏறிக் கோலாலம்பூருக்குப் போனேன்.

லேபில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். பெயர் சீதாலெட்சுமி. சிரம்பான் செட்டியார் வீட்டுப் பெண் என்று பேச்சிலேயே தெரிந்தது. வயது முப்பதுக்குள். அவள் பெயரைச் சொல்லி முடித்ததுமே நான் ஆரம்பித்துவிட்டேன்.

"தோட்டத்துக்காரின்னா அவ ரத்தம் மட்டும் கெட்டுப் போயிருமா மிஸ்? உங்க வீட்டு ஆளுங்க ரத்தம்னா இப்படித்தான் வெளில வெச்சு மறந்திருப்பீங்களா?"

அவள் திருப்பிக் கத்தவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. நாங்க மறக்கல. அன்னைக்கே வளர்க்கப் போட்டோம். இந்தச் சோதனைக்கு ரத்தம் உயிரோட வரணும். அணு உயிரோட இருந்தாத்தான் ரெண்டா பிரியும். பிரியற அந்த நேரத்துல நிறுத்திப் படம் எடுத்தாத்தான் குரோமோசோம் தெரியும். உங்க தங்கச்சியோட அணு எல்லாமே செத்துப் போய் வந்திருந்தது. ஒண்ணுகூட மிச்சமில்ல."

"ரெண்டு மணி நேரத்துல எப்படிச் சாகும்?"

"அதான் எனக்கும் புரியல. நிறமே வேற மாதிரி இருந்தது. யாராவது வந்து கேட்டா காட்டணும்னு மிச்சத்த எடுத்து வெச்சேன்."

குளிர்பெட்டியிலிருந்து விரல் நீளக் குழாயை எடுத்து வந்தாள். உள்ளே கறுத்த காப்பி மாதிரி இருந்தது. மூடியைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

நான் குனியக்கூட இல்லை. வாடை மூக்கில் அடித்தது. பன்னிரண்டு வருஷம் பால் வெட்டினவளுக்கு அதை யாரும் பேர் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மழை வரும்போலிருந்தால் நாங்கள் வாளியில் விடுவோம், பால் ஸ்டோரில் பீப்பாயில் ஊற்றுவார்கள். மரத்துப் பால் உறைந்து கட்டியாகிவிடாமல் இருக்க அதுதான் மருந்து. அமோனியா.

என் தங்கை புருஷன் பதினெட்டு வருஷமாகப் பால் ஸ்டோரில் அந்த வேலையைத்தான் பார்க்கிறார்.

"உறையாம இருக்க இதுல நீங்க எதுவும் போடலியா?" என்று கேட்டேன்.

"போட்டுத்தான் குடுக்கறோம். குழாய்க்குள்ளயே அதுக்கு மருந்து இருக்கு. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல" என்று எழுந்தேன்.

அந்த மருந்து குழாய்க்குள்ளேயே இருக்கிறது என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அந்த மனுஷனிடம் யாராவது சொல்லியிருந்தால். உறையக் கூடாது என்பதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பான். உறையாமல் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஆளிடம் போய்ச் சொன்னார்கள்.

பெடாஸில் இறங்கி நேரே ஸ்டோருக்கு நடந்தேன். போகிற வழியில் அந்த ஆளை எந்தக் கையால் அறைவது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். பாலை எடை போட்டு முடித்து அவர் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அன்னைக்குக் குழாய்ல ஏதாச்சும் ஊத்துனீங்களா மாப்ள?"

அவர் முகம் மலர்ந்தது. கடவுளே, மலர்ந்தது.

"ஆமாக்கா, மறந்தே போயிட்டேன் சொல்ல. பஸ்ல பாக்குறேன், குழாய் ஓரத்துல திப்பி திப்பியா ஒட்டுது. கை கால் நடுங்கிருச்சு. நல்லவேள, உறையக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்ததால மொத நாளே ஒரு குட்டி பாட்டில்ல அமோனியா கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தேன். ரெண்டு சொட்டு விட்டேன். அப்பறம் பாருங்க, தண்ணி மாதிரி ஆயிருச்சு. ஒரு கட்டி இல்லாம கொண்டு போய்ச் சேத்தேன்லா."

வாய் வரைக்கும் வந்தது. அவள் ரத்தத்தை நீதான்டா கொன்றாய் என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் மயிலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவர் அவர்தான். அவளைக் குளிக்க வைத்து, தலை துவட்டி, ராத்திரி வேர்த்து நனைகிற பாயை மாற்றிப் போடுகிறவரும் அவர்தான். இப்போது இந்த ஆளை உடைத்துப் போட்டுவிட்டால் அவளை யார் பார்ப்பது? அவள் எழுந்து உட்காரட்டும், அப்புறம் வட்டியோடு திட்டிக்கொள்கிறேன் என்று விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் கோபம் அது. தொண்டையிலேயே நின்றது.

"மறுபடியும் எடுக்கணுமாம். இந்தத் தடவ நான் கொண்டு போறேன்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது தரம் எடுக்க நாள் கிடைத்தது பிப்ரவரிக் கடைசியில். மறுபடி இடுப்பெலும்பில் அந்தக் கனத்த ஊசி. மயில் என் கையைக் கடித்துக்கொண்டாள், பல் தடம் இரண்டு நாள் இருந்தது. குழாயைக் கைக்குட்டையில் சுற்றி, சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் வரை ஒரு தரம்கூட மூடியைத் தொடாமல் கொண்டுபோனேன். அன்றைக்கே என் ரத்தத்தையும் பொருத்தம் பார்க்க எடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து லேபுக்குப் போனேன். சீதாலெட்சுமி படத்தை மேசையில் வைத்தாள். கறுப்புக் கறுப்பாகச் சின்னப் புழுக்கள், ஜோடி ஜோடியாக, நம்பர் போட்டு.

"இது ஒன்பது, இது இருபத்திரெண்டு" என்று பென்சிலால் தொட்டாள். "ரெண்டும் ஒடைஞ்சு, நுனியை மாத்தி ஒட்டிக்கிட்டிருக்கு. ஒட்டின எடத்துல ரெண்டு மரபணு சேந்து ஒரே மரபணுவாயிருச்சு. உடம்புல இல்லாத புதுசு அது. வெள்ளை அணுவப் பாத்துப் பெருகு, பெருகுன்னு சொல்லிட்டே இருக்கும். நிறுத்தவே தெரியாது."

"எங்க தோட்டத்துல ரப்பர் கன்னுக்கு ஒட்டுக் கட்டுவாங்க" என்றேன். "வேற மரத்து மொட்டை வெச்சுக் கட்டி விட்டா ஒரே மரமா வளரும். அந்த மாதிரியா?"

"அதேதான். யாரும் கட்டாம தானா கட்டிக்கிட்டது."

"இது அவளுக்கு எப்படி வந்துச்சு? மருந்து அடிக்கிற எடத்துல வேல செஞ்சதாலயா?"

"தெரியாதுக்கா. பொறக்கும்போது இல்ல, நடுவுல வந்தது. ஏன்னு எங்களுக்குத் தெரியாது."

தெரியாது என்பதைத் தெரியாது என்றே சொன்னவள் அவள் ஒருத்திதான். அவளை நான் முதல் நாள் பேசிய பேச்சுக்கு வெட்கப்பட்டேன். நோயின் பெயர் கிடைத்துவிட்டது, இனி எல்லாம் சரியாகும் என்று எழுந்தேன். அவள் எழவில்லை. படத்தில் இன்னொரு இடத்தில் அவள் பென்சில் நின்றுகொண்டிருந்தது.

"இது மட்டும் இல்லக்கா. இன்னும் ரெண்டு மூணு மாத்தம் மேல மேல சேந்திருக்கு. டாக்டர் சொல்வாங்க."

சிரம்பானுக்குத் திரும்பியதும் டாக்டர் சொன்னாள். நோய் திரும்பிக்கொண்டுவிட்டது. சாதுவாக இருந்த காலம் முடிந்தது. இந்த நிலையில் மஜ்ஜை வைத்தாலும் பிடிக்காது, அந்த வைத்தியமே அவளை முடித்துவிடும் என்று கோலாலம்பூர் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகு என் ரத்தச் சோதனையின் முடிவைச் சொன்னாள். என்னுடைய மஜ்ஜை மயிலம்மாளுக்கு முழுக்கப் பொருந்தியிருந்தது. ஆறுக்கு ஆறு.

"டிசம்பர்லயே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. அப்பவே திரும்பியிருக்கலாம். திரும்பாமலும் இருந்திருக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு நேரே மயிலைச் சேர்த்திருந்த வார்டுக்கு நடந்தேன். வீரமுத்து கீழே காப்பி வாங்கப் போயிருந்தார். மத்தியான வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. மயில் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உன் புருசன்கிட்ட இன்னைக்கு நான் ஒண்ணு கேக்கப் போறேன்" என்றேன்.

"கேக்காதக்கா."

"என்னான்னு தெரியுமாடி உனக்கு?"

"ரெண்டு சொட்டு" என்றாள். "கொண்டு போய்க் குடுத்த அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு. பெருமையா சொன்னாரு. மறுபடியும் எடுக்கணும்னு நீ வந்து சொன்னப்ப எனக்குப் புரிஞ்சிருச்சு. நானும் பால் வெட்டுனவதானே."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"நீ டிரசரத் திட்டு, கிராணியத் திட்டு, யார வேணாலும் திட்டு. அவர விட்ரு. அவருக்குத் தெரிஞ்சா ஸ்டோர்ல இருக்குற ஆசிட்ட எடுத்துக் குடிச்சிருவாரு. எங்கிட்டச் சத்தியம் பண்ணு."

"நான் பண்ணமாட்டேன்."

"பண்ணுக்கா. எனக்குக் குடுக்கணும்னு இருந்தியே, அது குடுக்க முடியல. இத குடு."

அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவ்வளவு ஆத்திரத்தோடு யாரும் சத்தியம் செய்திருக்கமாட்டார்கள். வீரமுத்து காப்பியோடு வந்தார். அவளுக்கு ஆற்றிக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

மயிலம்மாள் ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு டிரசர் வந்திருந்தார். மாத்திரை கொடுத்த அதே கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார். கிராணியும் வந்து சாப்பிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களைத் திட்ட ஆரம்பித்தால் நிறுத்த முடியாமல், சொல்லக் கூடாததும் வந்துவிடும் என்று பயந்தேன். அந்தச் சத்தியம் ஒரே ஒரு ஆளுக்காகத்தான் வாங்கப்பட்டது. ஆனால் எல்லாரும் அதில் தப்பித்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு வீரமுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மொட்டையடித்த தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"என் தப்புதான்க்கா. கட்டியாகித்தான் அந்த மொத குழாய் கெட்டுப் போயிருக்கும். எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு. இன்னும் ரெண்டு சொட்டு சேத்து விட்டிருக்கணும். விடாம விட்டுட்டேனே."

நான் அவர் கையைப் பிடித்துத் தலையிலிருந்து எடுத்தேன். என் பல் கிட்டிக்கொண்டு வலித்தது.

"இல்ல மாப்ள" என்றேன். "நீங்க விட்டது போதும்."